இரண்டாவது பிரசவத்தோடு ஆபரேஷன்: வேறு வழி கேட்டால் தப்பா?

வெண்பூ | செவ்வாய், இரவு 9:40

வணக்கம் தோழிகளே. பெருந்துறைப் பக்கம் ஒரு கிராமம். எனக்கு இப்போது 33 வாரம். மூத்தவனுக்கு நாலு வயது. அவன் சிசேரியன், இதுவும் சிசேரியன்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

போன தடவை செக்கப்புக்குப் போனபோது நர்ஸ் என் பிக்மி நம்பரை (கர்ப்பப் பதிவு எண்) நோட்டில் எழுதிக்கொண்டே, "ரெண்டாவதுதானே, கு.க. போட்டுக்கட்டுமா?" என்று கேட்டார். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் என் அத்தை, "போட்டுக்குங்க சிஸ்டர். எப்படியும் வயித்தைக் கிழிக்கறாங்க, ஒண்ணாவே முடிச்சுப்போடலாம்" என்றார். என் பெயருக்கு நேராக ஒரு டிக் விழுந்தது. பேனா அடுத்த பெயருக்குப் போய்விட்டது.

எனக்கு 26 வயது. மூன்றாவது குழந்தை வேண்டும் என்று ஆசையெல்லாம் இல்லை. ஆனால் இனி எப்போதுமே இல்லை என்று இந்த வயதில் முடிவெடுக்க மனசு வரவில்லை. வீட்டுக்காரரிடம் கேட்டேன். "உனக்கு எது சரின்னு படுதோ பண்ணு" என்றார். எது சரி என்று எனக்குப் பட, என்னென்ன இருக்கிறது என்று தெரிய வேண்டாமா? எனக்குத் தெரிந்தது ஆபரேஷன், காப்பர்-டி, ஆணுறை. காப்பர்-டி நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லி அதுவும் பயமாக இருக்கிறது. பி.எச்.சி.யில் (ஆரம்ப சுகாதார நிலையத்தில்) போய் வேறு என்ன வழி என்று கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா?

---

கரூர்க்காரி | செவ்வாய், இரவு 10:05

தங்கச்சி, எனக்கு 24 வயதில் ரெண்டாவது பிரசவத்தோடு ஆபரேஷன் பண்ணினார்கள். பதினோரு வருடம் ஆகிறது. ஒரு பிரச்சனையும் இல்லை. மாசாமாசம் நாள் தள்ளிப்போச்சா என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். அந்த நிம்மதி ஒன்றே போதும். ஆபரேஷன் பண்ணினால் உடம்பு பெருத்துவிடும், குனிந்து நிமிர முடியாது என்பதெல்லாம் பேச்சு. நான் இன்றைக்கும் தறி வேலைக்குப் போகிறேன்.

ஆனால் ஒன்று. என்னிடமும் யாரும் கேட்கவில்லை. எங்கள் தெருவில் யாரிடமும் கேட்டதில்லை. ரெண்டு பிள்ளை, ஒரு ஆபரேஷன், அவ்வளவுதான். நீ எழுதியதைப் படித்த பிறகுதான், கேட்டிருக்கலாமோ என்று தோன்றியது.

---

ஓய்வுபெற்ற நர்ஸ் | புதன், காலை 6:20

கண்ணு, நான் தேனி மாவட்டத்தில் 31 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள். நீ கேட்பது தப்பே இல்லை. கேட்க வேண்டியது உன் உரிமை, சொல்ல வேண்டியது எங்கள் வேலை. அந்த நோட்டில் விழுந்த டிக் உன் சம்மதம் ஆகாது. ஆபரேஷனுக்கு முன்னால் சம்மதப் படிவத்தில் நீயேதான் கையெழுத்துப் போட வேண்டும். அதில் உன் கணவர் சம்மதம்கூட கட்டாயம் கிடையாது, அத்தை சம்மதத்துக்கு இடமே இல்லை. ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும் நிமிடத்தில்கூட வேண்டாம் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் உன் பிரசவத்தைப் பார்க்க மாட்டோம் என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போது உனக்கு என்னென்ன வழி என்று சொல்கிறேன்.

ஆபரேஷன் என்பது கருக்குழாயை மறித்துவிடுவது. கர்ப்பப்பையை எடுப்பதில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைக்கும் பெண்களை நான் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். மாதவிலக்கு வழக்கம்போல வரும். பிரசவம் ஆன ஏழு நாளுக்குள் செய்யலாம், இல்லையென்றால் ஆறு வாரம் கழித்து எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். இப்போது விட்டால் வாய்ப்பே போய்விடும் என்று யாராவது அவசரப்படுத்தினால் நம்பாதே. சிசேரியனோடு செய்தால் தனியாக இன்னொரு முறை வயிற்றைத் திறக்க வேண்டாம் என்பது மட்டும் உண்மைதான், அதையும் கணக்கில் எடுத்துக்கொள். ஆனால் இது நிரந்தரம். திரும்பத் திறப்பதற்கு ஆபரேஷன் இருக்கிறது, பலிக்கும் என்று உறுதி இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன், இதை யாரும் சொல்வதில்லை: ஆபரேஷன் செய்தவர்களிலும் முதல் வருடத்தில் ஆயிரத்தில் ஐந்து பேருக்குப் போலக் கரு நிற்பதுண்டு. அது குழாயிலேயே தங்கிவிட்டால் உயிருக்கு ஆபத்து. அதனால், "எனக்குத்தான் ஆபரேஷன் ஆயிடுச்சே" என்று நாள் தள்ளிப்போவதை அலட்சியம் செய்யக்கூடாது.

காப்பர்-டி கர்ப்பப்பைக்குள் வைப்பது. ஐந்து வருட வகை இருக்கிறது, பத்து வருட வகை இருக்கிறது. வேண்டாம் என்றால் எந்த நாளிலும் எடுத்துவிடலாம், எடுத்த மாதமே கரு நிற்கலாம். சிசேரியனில் நஞ்சுக்கொடி எடுத்த கையோடு வைத்துவிடுவார்கள். நெஞ்சுக்கெல்லாம் ஏறாது கண்ணு. கர்ப்பப்பையிலிருந்து நெஞ்சுக்குப் போக வழியே கிடையாது. மிக மிக அரிதாக, வைக்கும்போதே பையின் சுவரில் குத்திவிடுவது உண்டு, அதனால்தான் பழகிய கை வேண்டும் என்பது. பிரசவத்தோடு வைத்தால் தானாக நழுவி விழும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். அதனால் ஆறாவது வாரம் கட்டாயம் போய்க் காட்ட வேண்டும். முதல் சில மாதம் ரத்தப்போக்கும் வலியும் கூடலாம். ஏற்கெனவே ரத்தசோகை இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடு.

அப்புறம் அந்தரா ஊசி, மூன்று மாதத்துக்கு ஒன்று. பால் கொடுப்பவர்கள் ஆறு வாரம் கழித்துப் போட்டுக்கொள்ளலாம். மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் வரும், சிலருக்கு நின்றே போகும். அதைக் கண்டு பயந்து விட்டவர்கள்தான் அதிகம், முன்கூட்டியே சொன்னால் பயம் இருக்காது. நிறுத்திய பிறகு கரு நிற்கச் சில மாதம் ஆகும். சாயா மாத்திரை ஹார்மோன் இல்லாதது, லக்னோவில் நம் நாட்டு ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்தது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு நாள், அதன் பிறகு வாரத்துக்கு ஒன்று. பால் கொடுக்கும்போதும் சாப்பிடலாம். இவை எல்லாமே அரசு மருத்துவமனையில் இலவசம்.

ஆணுறை உனக்குத் தெரியும். ஆண்களுக்கும் ஆபரேஷன் இருக்கிறது, அதை ஏன் ஒருவரும் எழுதவில்லை?

மனசில் ஒன்று கிடக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1996 வரைக்கும் எங்களுக்கு டார்கெட் இருந்தது. மீட்டிங்கில் எழுந்து நின்று, இந்த மாதம் எத்தனை கேஸ் என்று சொல்ல வேண்டும். குறைந்தால் திட்டு விழும். பெண்களை நாங்கள் கேஸ் என்றுதான் எண்ணினோம். உன் நோட்டில் டிக் போட்ட பெண்ணின் இடத்தில் நானும் இருந்தவள். ஒரு நாளில் இருபது பெயருக்கு டிக் போட்டிருக்கிறேன். அந்த இருபது பேரில் ஒருத்தியிடமாவது உட்கார்ந்து பேசினேனா என்று யோசித்தால் தூக்கம் வராது. டார்கெட்டை எடுத்து இத்தனை வருடம் ஆகியும் அந்தக் கை பழக்கம் போகவில்லை.

---

மதுரை மீனாள் | புதன், காலை 11:15

நர்ஸம்மா, நீங்கள் மனசில் கிடப்பதைச் சொன்னதால் நானும் சொல்கிறேன்.

என் முதல் பிரசவம் ஓர் அரசு மருத்துவமனையில். சுகப்பிரசவம். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். அதிலிருந்து ஒன்றேகால் வருடம் மாதத்தில் பத்து நாள் தீட்டு. துணி துணியாக நனையும். வயல் வேலைக்குப் போகும்போது கூட ஒரு பாவாடை எடுத்துக்கொண்டு போவேன். பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்றார் அம்மா. கடைசியில் தலைசுற்றி விழுந்த பிறகு ஒரு கிளினிக்கில் ஸ்கேன் எடுத்தபோது அந்த டாக்டரம்மா, "காப்பர்-டி வச்சிருக்கீங்களே, எப்ப வச்சது?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து, காலேஜ் போகும் கொழுந்தனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ஒரு மூலையில் ஆங்கிலத்தில் பி.பி.ஐ.யூ.சி.டி., அதாவது பிரசவத்தோடு வைக்கும் காப்பர்-டி, என்று எழுதியிருந்தது.

என் உடம்புக்குள் ஒரு பொருள் இருந்திருக்கிறது. அதை என்னைத் தவிர எல்லோரும் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஒன்றேகால் வருடமும் மாமியார் வீட்டில், "இன்னும் அடுத்தது உண்டாகலையா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் எனக்கு ஏதோ குறை என்று கோயில் கோயிலாகப் போனேன்.

காப்பர்-டி கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டாவது பிறந்த பிறகு, தெரிந்தே, கேட்டே வைத்துக்கொண்டேன். இப்போது நான்காவது வருடம், நன்றாக இருக்கிறேன். அதே பொருள்தான். சொல்லி வைத்தபோது ரத்தப்போக்கு வந்தால் எந்த நாளில் யாரிடம் போக வேண்டும் என்று தெரிந்திருந்தது.

---

ஓய்வுபெற்ற நர்ஸ் | புதன், மதியம் 2:00

மீனாள், படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உனக்கு நடந்தது அநியாயம். இதற்கு வேறு பெயர் கிடையாது.

இதைப் படிக்கிறவர்கள் எல்லோரும் ஒன்று செய்யுங்கள். பிரசவம் முடிந்து கிளம்பும்போது, "எனக்குள் ஏதாவது வைத்திருக்கிறீர்களா?" என்று வாயைத் திறந்து கேளுங்கள். காப்பர்-டி வைத்தால் எந்த வகை, எந்தத் தேதி, எப்போது எடுக்க வேண்டும் என்று எழுதிய அட்டை தர வேண்டும். அட்டையை வாங்காமல் வராதீர்கள். சிசேரியனோடு வைத்தவர்களுக்கு ஆரம்பத்தில் காப்பர்-டியின் நூல் கீழே தெரியாமல் இருக்கலாம், ஸ்கேனில் பார்த்துக்கொள்ளலாம்.

---

திண்டுக்கல் தச்சன் | புதன், இரவு 8:30

ஆண்கள் பேசலாமா தெரியவில்லை. நர்ஸம்மா கேட்டதால் எழுதுகிறேன். நான் பண்ணிக்கொண்டேன், ஐந்து வருடம் முன்னால்.

என் மனைவிக்கு வீசிங் தொந்தரவு. இரண்டாவது பிரசவத்திலேயே மயக்க மருந்து கொடுக்கப் பயந்தார்கள். இன்னொரு ஆபரேஷன் என்றால் எனக்குத்தான் முதலில் உடம்பு நடுங்கியது. அப்போதுதான் ஒரு டாக்டர், "நீங்க பண்ணிக்கலாமே" என்றார். அதற்கு முன் அப்படி ஒன்று இருப்பதே என் காதில் விழுந்ததில்லை.

கத்தியே வைக்காத முறை. அந்த இடத்தில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. தையல் இல்லை. கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டு நானே பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். ஒரு வாரம் கனமான மரம் தூக்காதே என்றார்கள், தூக்கவில்லை. முக்கியமானது ஒன்று: பண்ணின உடனே பலன் இல்லை. மூன்று மாதம் ஆணுறை போட வேண்டும், அதன் பிறகு விந்துப் பரிசோதனை செய்து அணு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அந்த டெஸ்டுக்குப் போகாமல் விட்டுவிட்டு, அப்புறம் மனைவியைச் சந்தேகப்படும் ஆட்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அது பெரிய பாவம்.

ஆண்மை போய்விடும், உளி பிடிக்கும் கையில் பலம் இருக்காது என்றெல்லாம் சொன்னார்கள். ஒன்றும் போகவில்லை. என் அம்மாதான் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. "அவ பண்ணிக்க மாட்டாளா, எம் மகனைப் போய் அறுத்துட்டாங்களே" என்று அழுதார். இரண்டு முறை வயிறு அறுபட்ட மருமகளுக்காக அவர் ஒரு நாளும் அழுததில்லை. அம்மாவைக் குறை சொல்லவில்லை, ஊரே அப்படித்தான் பார்க்கிறது.

---

பழஞ்சுவடி | வியாழன், காலை 7:50

தச்சன் அண்ணா, உங்களுக்குப் பெரிய வணக்கம்.

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் (2019-21) இந்தியா முழுக்க மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 57 பேருக்கு மேல். ஆண் ஆபரேஷன் நாடு முழுக்க 0.3 சதவீதம். அதே கணக்கெடுப்பில் நம் மாநிலத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. இந்த எண்ணிக்கையைக் காட்டிப் பெருமைப்படுகிறோம். அந்தச் சுமை யார் வயிற்றில் இறங்கியது என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. 1950களின் கடைசியில் சென்னை மாநிலத்தில் ஆபரேஷன் செய்துகொள்பவர்களுக்கு 30 ரூபாய் கொடுக்கத் தொடங்கினார்கள். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ. கோபாலசாமி, இங்கே தலைமைச் செயலாளராக இருந்து முன்னின்று நடத்திய திட்டம் அது. அன்றைக்கு ஆண்கள்தான் அதிகம் வந்தார்கள். 1971 ஜூலையில் பக்கத்து எர்ணாகுளத்தில் ஒரே முகாமில் 60,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் பண்ணிக்கொண்டார்கள். அப்புறம் நெருக்கடி நிலை வந்தது. 1976-77இல் மட்டும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு, வடக்கே பல இடங்களில் பிடித்து இழுத்துப்போய்ச் செய்தார்கள். ஆட்சியே கவிழ்ந்தது. அதன் பிறகு எந்த அரசும் ஆண்கள் பக்கம் திரும்பத் துணியவில்லை. ஆண்களைக் கட்டாயப்படுத்தியதற்கு ஓட்டில் பதில் வந்தது. பெண்களுக்கு நடந்தது கட்டாயம் என்று பெயர்கூட வாங்கவில்லை.

அதற்கும் முன்னால் 1930இலேயே குடி அரசு இதழில் கர்ப்பத்தடை பற்றிப் பெரியார் எழுதினார். மற்றவர்கள் பெண்ணின் ஆரோக்கியத்துக்காகவும் நாட்டின் வறுமைக்காகவும் இதை வேண்டும் என்கிறார்கள், நாமோ பெண்கள் விடுதலை அடையவும் சுயேச்சை பெறவும் வேண்டும் என்கிறோம் என்பது அவர் வாதம். நாம் நாட்டுக்கணக்கை எடுத்துக்கொண்டோம். அந்தச் சுயேச்சை வெண்பூவின் நோட்டு வரைக்கும் இன்னும் வந்து சேரவில்லை.

---

பெரியவர் | வியாழன், காலை 9:30

இதையெல்லாம் இப்படிப் பொதுவில் பேச வேண்டுமா? நம் பாட்டிகள் பத்துப் பதினொன்று பெற்று ஆரோக்கியமாக இருக்கவில்லையா?

---

கடலோரத்தாள் | வியாழன், மதியம் 12:10

ஐயா, என் ஆச்சி பதினொன்று பெற்றார்கள். தங்கியது ஐந்து. எட்டாவதுக்குப் பிறகு வேண்டாம் என்று பப்பாளிக்காய், எள்ளு, கருப்பட்டி எல்லாம் தின்று பார்த்தார்களாம். ஆச்சியின் தங்கச்சி எருக்கங்குச்சி வைத்துக் கலைக்கப் போய் ஜன்னி கண்டு செத்தார்கள். பால்குடி மறக்கிற வரைக்கும் உண்டாகாது என்று நம்பி உண்டானவர்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, தீட்டும் வராமல் இருந்தால்தான் அது பலிக்கும் என்று அவர்களிடம் சொல்ல ஆள் இல்லை. பொதுவில் பேசாததால்தான் இத்தனையும் நடந்தது.

வெண்பூ, நான் நாகப்பட்டினம் பக்கம். 2004 சுனாமியில் எங்கள் கரையோரத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் எத்தனையோ பேர் ஏற்கெனவே ஆபரேஷன் பண்ணிக்கொண்டவர்கள். குழாயைத் திரும்ப இணைக்க இலவச ஆபரேஷன் செய்ய அரசு ஏற்பாடு செய்தது. எங்கள் தெருவில் ஓர் அக்கா போனார். கட்டு பிரித்து வந்த நாளிலிருந்து மாதாமாதம் தேதி எண்ணிக்கொண்டு காலண்டர் முன்னால் நிற்பார். அவருக்கு நிற்கவில்லை. இன்னொருத்திக்குப் பெண் பிறந்தது, செத்துப்போன மூத்தவள் பெயரையே வைத்தார்கள். உன்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. நிரந்தரம் என்கிற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் அப்போதுதான் தெரிந்துகொண்டோம்.

---

வேளச்சேரி வாசி | வியாழன், இரவு 11:20

இழையை விட்டு விலகிப் போகிறேனா தெரியவில்லை. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. போன வருடம் ஆணுறை கிழிந்துவிட்டது. 72 மணி நேரத்துக்குள் போடும் அவசர மாத்திரை கேட்டு ஐந்து மெடிக்கல் ஷாப் ஏறி இறங்கினேன். "இங்க அதெல்லாம் வராதும்மா" என்று ஒரே பதில். ஒரு கடையில் என் கழுத்தைப் பார்த்தார்கள், தாலி இருக்கிறதா என்று. மத்திய அரசு விதிப்படி டாக்டர் சீட்டு இல்லாமலே வாங்கக்கூடிய மாத்திரை அது. தடை எதுவும் இல்லை என்றுதான் அதிகாரிகள் சொல்கிறார்கள், ஆனால் தமிழ்நாட்டில் பெரும்பாலான கடைகளில் பல வருடமாக வைப்பதில்லை. கடைசியில் தோழி ஒருத்தி பாண்டிச்சேரியில் வாங்கி பஸ் ஏறி வந்து கொடுத்தாள். அது ஏற்கெனவே நின்ற கருவைக் கலைக்காது, கர்ப்பப்பையைக் கெடுக்காது. முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. அந்த ஒவ்வொரு மணி நேரத்தையும் நான் கடை வாசலில் தொலைத்தேன்.

---

கரூர்க்காரி | வெள்ளி, காலை 6:45

விலகிப் போகவில்லை தங்கச்சி. கழுத்தைப் பார்க்கிற கண்தான், டிக் போடும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்கிறது. என் மகளுக்குப் பதின்மூன்று வயது. இதெல்லாம் அவளுக்கு எப்போது, எப்படிச் சொல்வது என்று நேற்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். நர்ஸம்மா, அதற்கு ஒரு தனி இழை போடுங்கள்.

---

வெண்பூ | பத்து நாள் கழித்து, இரவு 9:15

எல்லோருக்கும் நன்றி. நேற்று பி.எச்.சி. போனேன். நர்ஸம்மா எழுதியதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன், இல்லையென்றால் பேச்சு வராது. இந்தத் தடவை அத்தைக்குப் பதிலாக வீட்டுக்காரரைக் கூட்டிப்போனேன். "அந்த டிக்கை எடுத்துவிடுங்கள் சிஸ்டர், எனக்குப் பேச வேண்டும்" என்றேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். "யாரும் கேக்கறதில்லைங்க, கேட்டா சொல்றோம்" என்றார். அந்தராவைப் பற்றி, சாயாவைப் பற்றி எல்லாம் சொன்னார். காப்பர்-டியை ஒரு பிளாஸ்டிக் மாதிரியில் வைத்துக் காட்டினார். இத்தனூண்டுதான், என் சுண்டு விரல் நீளம்கூட இல்லை.

---

வெண்பூ | மூன்று மாதம் கழித்து, மாலை 4:30

பெண் குழந்தை. 2 கிலோ 900 கிராம். நன்றாக இருக்கிறோம். காப்பர்-டி வைத்துக்கொண்டேன், ஐந்து வருட வகை. வைப்பதற்கு முன்னால் டாக்டர் இன்னொரு முறை கேட்டார். அட்டை கொடுத்தார்கள், குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறேன். ஆறாவது வாரம் போய்க் காட்டினேன், சரியாக இருக்கிறது என்றார்கள். அத்தைக்கு வருத்தம்தான். வெந்நீர் வைத்துக் கொடுக்கும்போது கொஞ்சம் முணுமுணுப்பார், கொடுக்காமல் இருந்ததில்லை.

வீட்டுக்காரர் இந்த இழையை ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்தார். பாப்பாவுக்கு ரெண்டு மூன்று வயது ஆகட்டும், இனி வேண்டாம் என்று ரெண்டு பேருக்கும் தோன்றினால் நான் பண்ணிக்கிறேன் என்றார். அவர் டெம்போ ஓட்டுகிறார். தச்சன் அண்ணாவிடம் கேட்கச் சொன்னார்: வண்டி ஓட்ட எத்தனை நாள் கழித்துப் போகலாம், லோடு ஏற்றி இறக்கலாமா?

---

திண்டுக்கல் தச்சன் | மாலை 6:05

பாப்பாவுக்கு என் ஆசீர்வாதம் தங்கச்சி. மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள்: ரெண்டு நாள் ஓய்வு, அதன் பிறகு நடமாட்டம், சின்ன வேலை. லோடு ஏற்றி இறக்குவதை ஒரு வாரத்துக்கு வேறு ஆளிடம் விடட்டும். வண்டி எடுப்பதை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும், நான் அப்போது பஸ்ஸில்தான் போய்வந்தேன். போகிற அன்றைக்கு இறுக்கமான உள்ளாடை ஒன்று கொண்டுபோகச் சொல்லுங்கள், என்னிடம் யாரும் சொல்லவில்லை.